இன்னும் எவ்வளவு பாக்கி?

தூர்தர்ஷனில் 'தோ பிகா ஜமீன்' போட்ட அன்று அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. படம் பாதி ஓடுவதற்குள் முறம் மடியிலேயே நின்றுவிட்டது. கல்கத்தாத் தெருவில் ஒருவன் கைரிக்‌ஷாவை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். அப்புறம் உட்கார்ந்து காசை எண்ணுகிறான். மறுபடி ஓடுகிறான். அம்மா என் பக்கம் திரும்பி, "இன்னும் எவ்வளவு பாக்கியாம்?" என்று கேட்டாள்.

மொழி தெரியாத படத்தில் அந்தக் கணக்கு மட்டும் அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பேரிலும் அப்போது ஒரு புரோநோட்டு வெளியே இருந்தது. அதைத் திருப்பி வாங்க அப்பாவுக்கு ஆறு வருஷம் ஆனது.

அன்றிலிருந்து ஏழைகளைப் பற்றிய படம் எது பார்த்தாலும் நான் தேடுவது அந்தத் தொகையைத்தான். எத்தனை ரூபாய் வேண்டும், எத்தனை சேர்ந்தது? அதைச் சொல்லத் தெரிந்த படங்கள் நம்மை அழவைப்பதோடு விட்டுவிடுவதில்லை. அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து நாமும் விரல் மடக்கிக் கூட்ட ஆரம்பிக்கிறோம்.

பிமல் ராய் 1953இல் எடுத்த 'தோ பிகா ஜமீன்' அப்படிப்பட்ட படம். சலீல் சௌத்ரியின் கதை. 'இரண்டு பிகா நிலம்' என்று பொருள்படும் தலைப்பு தாகூரின் கவிதை ஒன்றிலிருந்து வந்தது. வங்காளக் கணக்கில் ஒரு பிகா ஏறத்தாழ 33 சென்ட். ஆக, கதையின் நாயகனான விவசாயி சம்புவின் சொத்து மொத்தமே 66 சென்ட் நிலம். ஜமீன்தார் ஆலை கட்ட நினைக்கும் இடத்துக்கு நட்டநடுவில் அது கிடக்கிறது. விற்க முடியாது என்கிறான் சம்பு. அப்படியானால் கடனைக் கீழே வை என்கிறார் ஜமீன்தார். மகனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டால் 65 ரூபாய் வருகிறது. வீட்டுச் சாமானை, மனைவியின் தோட்டை விற்று எடுத்துப் போனால், அங்கே கணக்குப் புத்தகத்தில் 235 ரூபாய் என்று இருக்கிறது. எழுதப்படிக்கத் தெரியாதவன் கோர்ட்டில் என்ன சொல்லி ஜெயிப்பான்? மூன்று மாத அவகாசம். தவறினால் நிலம் ஏலம்.

65க்கும் 235க்கும் நடுவில் இருக்கும் அந்த 170 ரூபாய் அவன் வாங்காத கடன். கல்கத்தாவுக்கு வந்து ரிக்‌ஷா இழுத்துக்கொண்டு படம் முழுக்க அவன் ஓடுவது அதற்காகத்தான். ஜோடி ஒன்று விளையாட்டாகச் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு ரிக்‌ஷாக்களில் ஏறுகிறது. முன்னால் போகிறவளைப் பிடித்தால் கூடுதல் காசு என்று பின்னால் இருப்பவன் சொல்லச் சொல்ல, சம்பு வேகத்தைக் கூட்டுகிறான். குதிரையை விரட்டுவதுபோல் விரட்டுகிறார்கள். கேமரா காலையும் சக்கரத்தையும் முகத்தையும் மாறி மாறிக் காட்டுகிறது. கடைசியில் சக்கரம் கழன்று ஓடுகிறது, சம்பு தெருவில் விழுகிறான். இத்தனை தடவை பார்த்த பிறகும் அந்த இடம் வந்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது.

சம்புவாக நடித்த பல்ராஜ் சாஹனி லாகூரில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவர், லண்டனில் பி.பி.சி.யில் அறிவிப்பாளராக இருந்தவர். இந்த வேடத்துக்காகக் கைரிக்‌ஷா இழுக்கப் பழகினார். தன் சுயசரிதையில் அவர் ஒரு சம்பவம் சொல்கிறார். படப்பிடிப்பின்போது, நம்மால் இது ஆகாது என்று அவர் மனம் விட்டுப்போன நேரத்தில், நடுத்தர வயது ரிக்‌ஷாக்காரர் ஒருவர் கதையைக் கேட்டிருக்கிறார். இவர் சொன்னதும் அந்த மனிதர் கண்கலங்கிவிட்டார். அவருக்கும் ஊரில் இரண்டு பிகா நிலம். அதுவும் ஜமீன்தாரிடம் மாட்டிக்கொண்டிருந்தது. நடிப்பைப் பற்றிப் படித்ததையெல்லாம் அந்த நிமிஷமே தூக்கிப் போட்டுவிட்டு, இந்த மனிதருக்காக நடிப்போம் என்று முடிவு செய்ததாக சாஹனி எழுதுகிறார். அந்தப் படம் 1954இல் கான் விழாவில் சர்வதேசப் பரிசு பெற்றது. பரிசைவிட அந்த ரிக்‌ஷாக்காரர்தான் எனக்குப் பெரிய சாட்சி.

மெஹபூப் கானின் 'மதர் இந்தியா'விலும் (1957) மூலகாரணம் ஒரு தொகைதான்: 500 ரூபாய் கடன், வட்டிக்கு விளைச்சலில் முக்கால் பங்கு. முப்பது வருஷம் கழித்து மீரா நாயரின் 'சலாம் பாம்பே'யில் (1988) அதே 500 ரூபாய் ஒரு சின்னப் பையனின் தலையில் வந்து உட்கார்கிறது. அண்ணனின் வண்டியைப் பாழாக்கிவிட்டான். அதற்கான பணத்தோடு வா, இல்லாவிட்டால் வராதே என்பது அம்மாவின் கட்டளை. பம்பாயின் சிவப்பு விளக்குத் தெருவில் டீ சுமக்கிறான் கிருஷ்ணா. தெருவோரம் கடிதம் எழுதிக் கொடுப்பவரிடம் அம்மாவுக்குக் கடிதம் சொல்கிறான் (எழுதுபவர் இர்ஃபான் கான், அவருக்கு முதல் படம்). சிறுகச் சிறுகச் சேர்த்து ஒளித்துவைத்த காசை, போதைக்கு அடிமையான சொந்த நண்பனே எடுத்து அழித்துவிடுகிறான். தெருப்பிள்ளைகளையே நடிக்கவைத்து எடுத்த படம் இது. அதன் தொடர்ச்சியாகப் பிறந்த சலாம் பாலக் அறக்கட்டளை இன்றும் அந்தப் பிள்ளைகளோடு வேலை செய்கிறது.

நம் சென்னைக்கு வந்தால் அந்தத் தொகை 299. மணிகண்டனின் 'காக்கா முட்டை'யில் (2015) சைதாப்பேட்டைக் குடிசைப் பையன்கள் இரண்டு பேர், இலவச டிவியில் விளம்பரம் பார்த்து பீட்சாவுக்கு ஆசைப்படுகிறார்கள். அவர்கள் காக்கா முட்டை எடுத்துக் குடித்த மரத்தை வெட்டிய இடத்தில்தான் அந்தக் கடையே வந்திருக்கிறது. அப்பா ஜெயிலில். ஜாமீனுக்காக வக்கீல் வாசலில் அலைகிறாள் அம்மா. பிள்ளைகள் ரயில் தண்டவாளத்தோரம் சிந்திய கரியைப் பொறுக்கி, எடைபோட்டு விற்று 299 சேர்க்கிறார்கள்.

கடை வாசலில் காவலாளி விரட்டுகிறான். காசைக் காட்டினாலும் உள்ளே விடவில்லை. சட்டைதான் காரணம் என்று புரிந்ததும் இனி அதற்கும் ஒரு கணக்கு. நல்ல சட்டையோடு போனால் கன்னத்தில் அறை. வீடு திரும்பினால், தோசைமாவில் பீட்சா சுட்டுக் கொடுத்த பாட்டி இறந்து கிடக்கிறாள். பீட்சாவுக்குச் சேர்த்த காசைப் பிள்ளைகள் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தைப் பலரும் மறந்துவிட்டு, கடைசியில் பீட்சா பிடிக்காமல் போகும் சிரிப்பை மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் படம் முடிந்தது அம்மாவின் கையில் அந்தக் காசு விழுந்தபோதே.

இத்தனை படங்களிலும் ஒன்று என்னை உறுத்துகிறது. இவர்களில் யாரும் சோம்பேறி இல்லை. உழைக்கிறார்கள், சேர்க்கிறார்கள், சில சமயம் தொகையை எட்டியும் விடுகிறார்கள். எட்டியதும் கணக்கு மாறிவிடுகிறது. 65 என்பது 235 ஆகிறது. 299 கையில் இருந்தால் சட்டை எங்கே என்கிறார்கள்.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) இதைப் பேச்சே இல்லாமல் சொல்லிவிடுகிறது. தேனிப் பக்கத்து மலையில் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாகத் துண்டு நிலம் வேண்டும். அவன் நம்பியிருந்த ஏலக்காய் மூட்டை ஒருநாள் பள்ளத்தில் உருண்டு சிதறுகிறது. கொட்டிய ஏலக்காயோடு அவன் நிலமும் போகிறது. பிறகு ஒரு நல்ல மனிதர் நம்பிக்கையின்பேரில் நிலம் கொடுக்க, விதைக் கடனும் உரக் கடனும் அதைத் தின்றுவிடுகின்றன.

'தோ பிகா ஜமீன்' முடிவில் சம்பு வேலிக்கு வெளியே நின்று தன் நிலத்தில் ஒரு பிடி மண் அள்ளுகிறான். காவலாளி அதட்டி, கையிலிருந்த மண்ணையும் கீழே போடவைக்கிறான். ரங்கசாமியின் நிலத்தில் காற்றாலை நிற்கிறது. காவலாளி உடுப்பில் அதன் அடியில் உட்கார்ந்திருப்பது ரங்கசாமியேதான். கேமரா மேலே மேலே போகிறது, அவன் புள்ளியாகிறான்.

சில வருஷம் முன்பு அம்மாவுக்கு 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைப் போட்டுக் காட்டினேன். இந்தத் தடவை பாக்கி எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது. "பத்திரம் இப்ப யார் பேர்ல இருக்கு?" என்றாள்.