மென்பொருட் குழுக்களில் பேச்சும் பதிவும்

கம்ப்யூட்டருக்குரிய மென்பொருளை எழுதும் வேலை பெரும்பாலும் குழுவினரால் நடைபெறுவது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் பார்த்துக் குறை கூறியாக வேண்டும். மேஜையருகே வந்து, “இந்தக் கணக்குச் சரிதானா?” என்று கேட்டுவிட்டுப் போவது ஒரு வழி. குறையைப் படிவத்தில் எழுதி, எண்ணிட்டு, ஒருவரைப் பொறுப்பாக்கி, விடை கிடைக்கும்வரை அதனை முடிக்காமல் வைத்திருப்பது மற்றொரு வழி. முன்னதைப் பலரும் விரும்புவர். பின்னதை வீண் சுமை என்பர்.

அமெரிக்கா 1998 டிசம்பர் 11-ஆம் நாள் செவ்வாய்க்கு அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலத்தின் கதை இங்கு நினைவுகூரத் தக்கது. கலத்தின் நிலையைப் பேணும் சுழற்சக்கரங்களின் வேகம் மிகும்போதெல்லாம் சிறு உந்திகளை இயக்கி அதனைத் தணித்தனர். ஒவ்வொரு முறையும் ஏற்பட்ட உந்தலை ஒப்பந்தக்காரரின் தரைநிலைய மென்பொருள் கணக்கிட்டுக் கோப்பாக அனுப்பியது. அக்கணக்கு நியூட்டன்-விநாடி அளவில் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ பவுண்டு-விநாடி அளவில். உந்தலின் விளைவு 4.45 மடங்கு குறைவாக மதிப்பிடப்பட்டது.

முதல் நான்கு மாதங்கள் கோப்பின் அமைப்பிலேயே பிழையிருந்ததால் அதனைப் பயன்படுத்த இயலவில்லை. 1999 ஏப்ரலில் அது சீராக்கப்பட்டதும், எண்கள் பொருந்தவில்லை என்பதைப் பயண வழி கணிக்கும் குழுவினர் விரைவிலேயே கண்டுகொண்டனர். ஆகவே ஒருவரும் கவனிக்கவில்லை என்று கூறுவதற்கில்லை. ஐயம் எழுந்தது, மின்னஞ்சலிலும் சென்றது. எதிர்பாராத நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வதற்கென்றே அத்திட்டத்தில் அறிக்கை முறை ஒன்று இருந்தது. இவ்வையம் அம்முறையின் வழியே தொடரப்படவில்லை.

1999 செப்டம்பர் 23-ஆம் நாள் கலம் செவ்வாயை நெருங்கியது. திட்டமிட்ட உயரம் சுமார் 226 கிலோமீட்டர். பின்னர் கணக்கிட்டதில் தெரிந்தது 57 கிலோமீட்டர். 80 கிலோமீட்டருக்குக் கீழே அது தாங்கியிருக்க முடியாது. கலம் இழக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, அலகுப் பிழையுடன், குழுக்களிடையே நிலவிய முறைசாராத செய்தித் தொடர்பையும் ஒரு காரணமாகக் குறித்தது.

படிவம் உறுதியான செய்தியைக் கேட்பது போல் தோன்றும், ஐயமோ உறுதியற்றது. ஆகவே அது பேச்சிலேயே தங்கிவிடுகிறது. வரப்பில் நடந்துகொண்டே விவசாயி கூறிய குறை, ஊழியரின் நாட்குறிப்பில் ஏறாமற் போவதும் இவ்வாறுதான்.

படிவத்தைக் கண்டு அஞ்சுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. எழுதிய குறை, எழுதப்பட்டவரின் பதவி உயர்வைப் பாதிக்குமோ என்னும் எண்ணமே அது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபேகன், நிரல்களை முறைப்படி பரிசோதிக்கும் திட்டத்தை 1976-இல் வெளியிட்டபோது இதனை உணர்ந்திருந்தார். அவர் முறையில் சுமார் நால்வர் கூடுவர், ஒருவர் நடுவர். ஒரு கூட்டம் இரண்டு மணி நேரத்திற்கு மேற்படலாகாது. அங்கே பிழையைக் கண்டுபிடிப்பது மட்டுமே வேலை, திருத்துவது பிறகு. திருத்தம் நிறைவேறியதா என்று பார்ப்பது நடுவரின் கடமை. பரிசோதனையிற் கண்ட பிழைகளின் எண்ணிக்கையைக் கொண்டு நிரலாளரின் திறமையை மேலதிகாரி மதிப்பிடலாகாது என்றும் அவர் எச்சரித்தார். மாணவரின் பயிற்சி ஏட்டைத் திருத்தும்போது மதிப்பெண் இடாமல் குறிப்பு மட்டும் எழுதும் ஆசிரியர்களுக்கு இதன் நோக்கம் எளிதில் விளங்கும்.