படிகத்தின் வித்து



படிகாரக் கரைசலில் ஒரே பெரிய படிகம் வளர்க்குமாறு முன்னொரு நாள் என் வகுப்பினரைப் பணித்தேன். ஒரு மாணவனின் குவளையில் தூசி விழுந்து, எண்ணற்ற நுண்படிகங்கள் திரண்டுவிட்டன. "கெட்டுவிட்டது, கொட்டிவிடு" என்றேன். அவன் கொணர்ந்தது ஓர் அரிய பாடம் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

உருகிய கண்ணாடி ஆறும்போது, அணுக்கள் ஒழுங்குற அமையுமுன்னரே பாகு இறுகிவிடுகிறது. மீண்டும் சூடேற்றினால் படிகங்கள் தோன்றலாம். ஆயினும் அவை பெரும்பாலும் மேற்பரப்பில் தொடங்கிப் பருத்து வளர்ந்து, பொருளின் வலிமையைக் குலைக்கும். உள்ளெங்கும் சீராகத் தோன்ற வித்து வேண்டும்.

1953இல் அமெரிக்காவின் கார்னிங் ஆய்வுக்கூடத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்பார், வெள்ளி கலந்த லிதியக் கண்ணாடித் தகட்டை 600 பாகை செல்சியசில் சூடேற்ற முனைந்தார். உலை பழுதுபட்டு 900 பாகைக்கு ஏறிற்று. தகடு உருகியிருக்கும் என எண்ணித் திறந்தவர், அது வெண்ணிறமாக மாறியிருக்கக் கண்டார். இடுக்கியினின்று நழுவித் தரையில் விழுந்தும் அது உடையவில்லை! என் மாணவனின் குவளையில் தூசி செய்ததை இங்கே வெள்ளித் துகள்கள் செய்தன.

பின்னர் டைட்டானியம் டையாக்சைடு அவ்விடத்தைப் பெற்றது. சிறிதளவு சேர்த்தாலே, சூட்டில் அது நுண்துகள்களைத் தோற்றுவித்து, கோடிக்கணக்கான படிகங்களுக்கு வித்தாகிறது. வித்துகள் பெருகப் பெருகப் படிகங்கள் சிறுக்கும். நெருங்கி நிற்கும் அந்நுண்படிகங்கள் விரிசலை ஓடவிடாமல் தடுக்கும்.

ஸ்டூக்கி அத்தகட்டை எறிந்துவிடவில்லை. நானோ குவளையைக் கொட்டச் சொன்னேன். உங்கள் சோதனை தவறினால், கொட்டுமுன் "ஏன்?" என்று ஒருமுறை கேளுங்கள்.