பத்திரம் பதிந்துவிட்டால் வீடு நிலைக்குமா?

“ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்தது, பேங்க் லோனும் கிடைத்துவிட்டது. இனி என்ன பயம்?” வீடு வாங்குகிற பலரின் எண்ணம் இதுதான். கொச்சியை அடுத்த மரடில் காயலோர அடுக்குமாடிகளில் குடியேறியவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். பஞ்சாயத்து தந்த கட்டட அனுமதி இருந்தது, சொத்து வரியும் கட்டினார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியைத்தான் யாரும் வாங்கியிருக்கவில்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நான்கு குடியிருப்புகளையும் அகற்ற உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீட்டுக்காரர்களுக்கு இடைக்கால நிவாரணமாகத் தலா 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது நீதிமன்றம். விதியை மீறியவர் பில்டர், வீட்டை இழந்தவரோ வாங்கியவர்.

என்னென்ன அனுமதி வேண்டும்?

சொத்து கைமாறியது என்பதற்குத்தான் பத்திரம் சாட்சி. அங்கே கட்டலாமா என்பதை வேறு சட்டங்கள் தீர்மானிக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை (சுமார் 2.15 லட்சம் சதுர அடி) எட்டும் திட்டங்களுக்கு, வேலை தொடங்கும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். கடலோரத்திலும் உப்பங்கழி ஓரத்திலும் கடலோர மண்டல விதிகள் குறுக்கே வரும். ஏரி, குளம், சதுப்பு நிலம் என்றால் கட்டுப்பாடு இன்னும் இறுகும். சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியை 2022-இல் பெற்ற, சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று 2025-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இடைக்கால உத்தரவிட்டது. அந்தப் பக்கம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் வழக்கின் இன்றைய நிலையை விசாரிப்பது அவசியம்.

எதைப் பார்ப்பது?

பட்டாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். தமிழக அரசின் நிலப் பதிவு இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்து ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். வாங்கப்போகும் எண்ணுக்கு மட்டுமல்லாமல் பக்கத்து எண்களுக்கும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், கழுவெளி என்று ஏதாவது எழுதியிருந்தால் உஷாராக வேண்டும். பிறகு புல வரைபடத்தை எடுத்து லேஅவுட் பிளானோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் லேஅவுட்டின் நடுவே வாய்க்கால் ஓடும், நேரில் போனால் அதே இடத்தில் கிராவல் கொட்டி முப்பதடி ரோடு போட்டிருப்பார்கள். அடைத்த வாய்க்காலின் தண்ணீர் ஐப்பசி மழையில் வீட்டுக்குள்தான் வரும்.

பெரிய திட்டமென்றால் சுற்றுச்சூழல் அனுமதியின் நகலைக் கேளுங்கள். மத்திய அரசின் பரிவேஷ் தளத்திலும் தேடலாம். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போனாலோ ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு கட்டாயம். அப்படிப்பட்ட திட்டத்தில், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை கிடையாது.

ஏமாந்தால் எங்கே போவது?

தவறான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர்கள், சொன்னபடி வீடு கிடைக்காதவர்கள், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுத்து, பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். நில உரிமையிலேயே குறை இருந்து நஷ்டமானால், இழப்பீடு கேட்கக் காலக்கெடு தடையாகாது.

சுற்றுச்சூழல் மீறலுக்குப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இங்கே நாள் கணக்கு முக்கியம். தவறாகத் தரப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் கிடைக்கும். மற்ற மீறல்களுக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு.

பக்கத்தில் ஏரியை மூடுகிறார்கள் என்றால் இன்றே தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கட்டடம் எழும்பிய பிறகு போடும் வழக்கைவிட அஸ்திவாரம் தோண்டும்போதே கொடுக்கும் மனுவுக்குப் பலம் அதிகம்.