அளக்கும் கண் பழுதானால்

கூரைமேல் உள்ள சூரியத் தகடுகள் தருவது நேரோட்டம். அதனை 230 வோல்ற்று ஆடலோட்டமாக்கிப் பொது மின்வலையோடு சேர்ப்பது இன்வேர்ட்டர். வலையின் வோல்ற்றளவை அது இடையறாது அளந்துகொண்டிருத்தல் வேண்டும். வீதியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடுதல் அதன் கடமை. தவறினால், கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து.

அளக்கும் முறை யாது? வரிசையாய் அமைந்த தடையிகள் உயர்ந்த வோல்ற்றளவைச் சிறு பங்காகக் குறைக்கின்றன. அப்பங்கு, மின்தொடர்பற்ற ஓர் இடைவெளியை ஒளியாகவோ வேறு குறிப்பாகவோ கடந்து கட்டுப்பாட்டுப் பகுதியை அடைகின்றது. இடைவெளியின் இருபுறத்துக்கும் தனித்தனி மின்னூட்டம் தேவை. வலைப்புறத்து ஊட்டம் அற்றுப்போனால், வலையில் யாது நிகழினும் மாறாத பொய்யளவே கிடைக்கும். தடையி ஒன்று அறுந்தாலோ, வலையில் மின்சாரம் இருக்கவும் பூச்சியமே தோன்றும்.

ஆதலின், 'வலைப் பிழை' என்று இன்வேர்ட்டர் அறிவித்தவுடன் மின்வழங்குவோரை நோவது முறையன்று. தேர்ந்த மின்வினைஞர் பன்மானியால் முனைகளை அளந்து, திரையிற் காணும் எண்ணோடு ஒப்பிடட்டும். இரண்டும் ஒத்து, எல்லை மீறியும் இருந்தால், குறை வலையிலோ இணைப்புக் கம்பியிலோ உளது. இரண்டும் வேறுபட்டால், குறை அளக்கும் கண்ணில் உளது. பின்னர் இருபுற ஊட்டங்களையும் தடையிகளையும் ஒவ்வொன்றாய் அவர் சோதிக்கலாம்.

வீட்டார் மூடியைத் திறத்தல் ஆகாது. நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் உயிர்கொல்லும் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கும். சில நாள் உற்பத்தி போய்விடுமே என்று அஞ்சிக் காவலை முடக்கி இயக்குதல், முகமறியா ஒருவரின் உயிரோடு விளையாடுதலாகும்.