கடிகாரத்துக்குப் பதில் சொல்லும் செவிலியர்கள்

1983-ல் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் நிர்வாகத்தை ஆராயும் பொறுப்பை மார்கரெட் தாட்சர் அரசு ராய் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்தது. அவர் மருத்துவர் அல்ல. செயின்ஸ்பரி பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். 24 பக்கக் கடிதமாக அவர் அறிக்கை தந்தார். மருத்துவர், செவிலியர், அலுவலர் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்றிருந்ததால், எதற்கும் யார் பொறுப்பு என்றே தெரியவில்லை; ஒவ்வொரு மட்டத்திலும் பொது மேலாளர் ஒருவர் வேண்டும் என்றார். அரசு உடனே ஏற்றது. 1991-ல் இன்னும் ஒரு படி மேலே போய், மருத்துவமனைகளைச் சேவை விற்பவர்களாகவும் சுகாதார அமைப்புகளை அதை வாங்குபவர்களாகவும் பிரித்தார்கள்.

கிரிஃபித்ஸ் சுட்டிய குறை உண்மையானதுதான். ஆனால், கடையில் சரக்கு தீர்ந்தால் அலமாரி காலியாகக் கிடப்பது கண்ணில் படும். வார்டில் கவனிப்பு தீர்ந்துபோனால் எந்தக் கணக்கேட்டிலும் தெரியாது. அது செவிலியருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும்.

அவசர சிகிச்சைப் பிரிவைப் பாருங்கள். வரும் நோயாளிகளில் 98 சதவீதம் பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து, வார்டில் சேர்க்கவோ வீட்டுக்கு அனுப்பவோ வேண்டும் என்ற இலக்கு 2004-05 வாக்கில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பலன் இல்லாமல் இல்லை; டிராலியில் மணிக்கணக்கில் கிடந்தவர்களின் காத்திருப்பு நிஜமாகவே குறைந்தது. ஆனால் நோயாளிகள் வெளியேறும் நேரத்தை வரைபடமாகப் போட்டால், நான்கு மணி நேரம் முடிவதற்குச் சற்று முன் கோடு செங்குத்தாக ஏறியது. அந்தக் கடைசி நிமிடங்களில் முந்துவது யார்? மூச்சுத் திணறலோடு இப்போதுதான் வந்தவரா, கெடு முடியப்போகும் கணுக்கால் சுளுக்குக்காரரா? படித்த படிப்பு ஒருவரைக் காட்டும், கடிகாரம் இன்னொருவரைக் காட்டும்.

இது எங்கே போய் முடியும் என்பதை இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனை காட்டியது. அதை நடத்திய டிரஸ்ட், நிதியில் கூடுதல் தன்னாட்சி தரும் 'ஃபவுண்டேஷன்' தகுதியைக் குறிவைத்தது. 2006-07-ல் ஒரு கோடி பவுண்ட் மிச்சம் பிடிக்க முனைந்து, 150-க்கும் மேற்பட்ட பணியிடங்களை வெட்டியது. 2008-ல் தகுதியும் கிடைத்தது. அதே காலத்தில் அங்கே முதியவர்கள் அழுக்கான படுக்கையிலேயே கிடந்தார்கள். தண்ணீர் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது. அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் யார் முதலில் என்பதை, மருத்துவப் பயிற்சியே இல்லாத வரவேற்பாளர்கள் முடிவு செய்ததும் உண்டு. நான்கு மணி நேரக் கெடு தவறினால் வேலை போகும் என்ற மிரட்டலைக் கேட்டு, கூட்டத்திலிருந்து செவிலியர்கள் அழுதபடி வெளியே வந்ததாக விசாரணையில் சாட்சியம் பதிவானது. நேரத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்கள் என்றார் ஒரு செவிலியர். புகார் கொடுத்தவர் தனிமைப்படுத்தப்பட்டார். பலர் வாய் மூடிக்கொண்டார்கள்.

அந்த விசாரணையை நடத்திய வழக்கறிஞர் ராபர்ட் பிரான்சிஸ் 2013-ல் 290 பரிந்துரைகளோடு வெளியிட்ட அறிக்கையின் சாரம் இது: நோயாளியைவிட நிதிக் கணக்கும் இலக்கும் முன்னுக்கு வந்துவிட்டன.

அங்கே பணியாற்றியவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்களா? நான் அப்படி நம்பவில்லை. இருவர் செய்யும் வேலையை ஒருவர் தலையில் கட்டி, முடியவில்லை என்றால் குற்றவாளியாக்கினால், நல்ல செவிலியரும் மனம் மரத்துப்போவார், அல்லது வேலையை விட்டுப் போவார். சரியான சிகிச்சை எது என்று தெரிந்தும் கொடுக்க முடியாமல் போகும் வேதனையை மருத்துவ உலகம் 'மனசாட்சிக் காயம்' என்கிறது. இதை ஓய்வும் யோகா வகுப்பும் ஆற்றாது. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் போய் என்.எச்.எஸ்.ஸில் பணிபுரியும் நம் மருத்துவர்களும் செவிலியர்களும் இந்தச் சுமையில் பங்காளிகள்தாம்.

மேலாளர்களே வேண்டாம் என்பதல்ல வாதம். நேரத்துக்குக் கணக்குக் கேட்பவர்கள், ஆள் பற்றாக்குறைக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். தவறு நடந்தால் நோயாளியிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்ற கடமை 2014-ல் இங்கிலாந்தில் சட்டமானது. வார்டில் போதிய செவிலியர்களை வைப்பதை வேல்ஸ் 2016-ல் சட்டக் கடமையாக்கியது. ஸ்டாஃபர்ட் இருக்கும் இங்கிலாந்தில் அப்படியொரு சட்டம் வரவில்லை.