எழுதிய விதியும் சென்ற வழியும்

2003-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதியன்று, 376 பைட்டுகளே நீளமுள்ளதும் ஒரே தகவல் பொட்டலத்துக்குள் அடங்கிவிடக்கூடியதுமான கணினிப் புழு ஒன்று, தன்னால் பற்றக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிஷங்களில் உலகெங்கும் பற்றிக்கொண்டது. 'ஸ்லாமர்' என்று பெயர் பெற்ற அது நுழைந்த வாயில், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருள் பயன்படுத்திவந்த யூடிபி 1434 என்ற போர்ட். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்து வலைப்பின்னலைக் காக்கும் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை மறிக்கும் விதி முன்னமேயே எழுதப்பட்டிருந்தது. ஆயினும், ஒப்பந்தக்காரர் ஒருவரின் வலைப்பின்னலிலிருந்து அந்த ஃபயர்வாலைத் தொடாமலே உள்ளே சென்ற வேறோர் இணைப்பின் வழியாகப் புழு பிரவேசித்து, நிலையத்தின் பாதுகாப்பு அளவைகளைக் காட்டும் கணினி அமைப்பை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செயலற்றதாக்கிவிட்டது. உலை அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. பழைய முறைக் கருவிகளும் பழுதின்றி இருந்தன. ஆகவே பெருந்தீங்கு விளையவில்லை.

விதி எழுதத் தெரிந்திருப்பது ஒன்று. பொட்டலங்கள் மெய்யாகவே எவ்வழிச் செல்கின்றன என்று அறிந்திருப்பது மற்றொன்று. இவ்விரண்டாவது அறிவு புஸ்தகம் படித்து வருவதன்று, தன் கையால் செய்து பார்த்தே வருவது என்பது என் துணிபு.

வலைப்பின்னலில் செல்லும் ஒவ்வொரு பொட்டலத்தின் முகப்பிலும், தபால் உறையின்மேல் விலாசம் இருப்பதுபோல், அது எங்கிருந்து எங்கே செல்கிறது, எந்த நெறிமுறையைச் சார்ந்தது, எந்தப் போர்ட்டை நாடுகிறது என்னும் விவரங்கள் இருக்கும். போர்ட் எண்கள் 0 முதல் 65,535 வரை உள்ளன. இணையதளங்களுக்கு 80-உம் 443-உம், பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் சேவைக்கு 53-உம், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் எஸ்எஸ்ஹெச் முறைக்கு 22-உம் வழக்கமானவை. ஃபயர்வால் இந்த முகப்பை வாசித்து, தன்னிடமுள்ள விதிப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒப்பிட்டு, முதலில் பொருந்துகிற விதியின்படி பொட்டலத்தை விடும் அல்லது தடுக்கும். (ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் பிஎஃப் போன்ற சிலவற்றில் கடைசியாகப் பொருந்துகிற விதியே சாதாரணமாகச் செல்லும் என்பதை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் நினைவில் வைத்தல் நன்று.)

பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு ஒரே கணினிக்குள் மூன்று மெய்நிகர்க் கணினிகளை நிறுவி, ஒன்றை வெளியாராகவும், ஒன்றை உள்ளே இருப்பவராகவும், இரு வலையட்டைகள் கொண்ட மூன்றாவதை நடுவில் ஃபயர்வாலாகவும் வைத்துக்கொண்டால், பிழை எவ்வளவு நேர்ந்தாலும் ஒருவருக்கும் தீங்கு வராத கூடம் ஒன்று அமைந்துவிடும். நடுக்கணினியில் லினக்ஸையும், 2014 முதல் அதனுடன் வந்துகொண்டிருக்கும் என்எஃப்டேபிள்ஸ் என்னும் ஃபயர்வால் வசதியையும் பயன்படுத்தலாம்.

கற்பவர் முதலில் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றே. உள்ளிருக்கும் கணினியின் 80-ஆம் போர்ட்டை வெளியார் அணுகலாகாது என்று உத்தேசித்து, 'இன்புட்' என்ற விதிச் சங்கிலியில் தடை விதியைச் சிரத்தையுடன் எழுதிவிட்டு, வெளிக்கணினியிலிருந்து முயன்று பார்த்தால், பக்கம் எவ்விதத் தடையுமின்றித் திறந்துகொள்ளும். லினக்ஸில் இன்புட் சங்கிலி ஃபயர்வால் கணினிக்கே உரிய பொட்டலங்களை மட்டும் பார்ப்பது. அதன் ஊடே கடந்து வேறொரு கணினிக்குச் செல்பவை 'ஃபார்வர்ட்' சங்கிலியைச் சேர்ந்தவை. இதைப் பாடமாகப் படித்தவர்கள்கூட மறுநாள் மறந்துவிடுவதுண்டு. தாம் எழுதிய தடையைப் பொட்டலம் பொருட்படுத்தாமல் கடந்து போவதைக் கண்ணால் கண்டவர்களோ மறப்பதில்லை.

அடுத்தது, அனைத்தையும் மறுத்து, வேண்டுவதை மட்டும் அனுமதிக்கும் பயிற்சி. பாதுகாப்பின் ஆதாரக் கொள்கையே இதுதான் என்றாலும், எஸ்எஸ்ஹெச் வழியாக ஃபயர்வாலில் புகுந்திருப்பவர், 22-ஆம் போர்ட்டை அனுமதிக்குமுன் அனைத்தையும் மறுக்கும் கட்டளையை இட்டுவிட்டால், அக்கணமே தம் இணைப்பைத் தாமே இழந்துவிடுவார். உண்மையான அலுவலகத்தில் இது நேர்ந்தால் யாரேனும் கருவி இருக்கும் இடத்துக்கு நேரில் செல்ல வேண்டியிருக்கும்; பயிற்சிக் கூடத்தில் மெய்நிகர்த் திரையைத் திறந்து திருத்திக்கொள்ளலாம். இத்தகைய விபத்துக்கெனவே, ஜூனிபர் நிறுவனத்தின் வலைப்பின்னல் கருவிகளில் மாற்றத்தைத் தற்காலிகமாகச் செயற்படுத்தி, பத்து நிமிஷங்களுக்குள் உறுதி செய்யாவிடில் பழைய நிலைக்குத் தானே திரும்பும் வசதி உண்டு. அதன் அருமை, ஒருமுறை வெளியே தள்ளப்பட்டவருக்குத்தான் முழுமையாக விளங்கும்.

உள்ளிருப்பவர் இணையதளங்களைப் பார்க்கலாம் என்று 443-ஐ மட்டும் வெளிச்செல்ல அனுமதிக்கும்போது இன்னும் நுட்பமான விஷயங்கள் வெளிப்படுகின்றன. பெயரைக் கொடுத்தால் தளம் திறக்காது, எண் முகவரியைக் கொடுத்தால் பதில் வரும் என்றால், 53-ஆம் போர்ட்டை மறந்திருக்கிறோம் என்று ஊகிக்க வேண்டும். எண்ணைக் கொடுத்தும் பதில் வராவிடில், கேள்வி போய்ச் சேர்ந்து, விடை திரும்பும் வழியில் தடுக்கப்படுகிறது என்ற சந்தேகம் எழ வேண்டும். ஏனெனில் விடையானது, கேட்ட கணினி தற்செயலாகத் தேர்ந்துகொண்ட பெரிய எண்ணுள்ள போர்ட்டுக்கு வருகிறது. அப்பெரிய எண்கள் அனைத்தையும் திறந்துவிடத் தோன்றும் சபலத்தை அடக்கி, உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்குரிய விடைகளை மட்டும் அனுமதிக்கும் விதியை எழுதுவதே முறை. நடைபெறும் இணைப்புகளை நினைவில் வைத்திருக்கும் இம்முறையை, 1994-இல் வெளிவந்த செக் பாயிண்ட் நிறுவனத்தின் ஃபயர்வால் பரவலாக்கியது.

தடுப்பதிலும் இருவகை உண்டு: மௌனமாகக் கைவிட்டால் கேட்டவர் வெகுநேரம் காத்திருப்பார், மறுப்பு அனுப்பினால் உடனே அறிந்துகொள்வார். வெளிக்கணினியில், போர்ட்டுகளைச் சோதிக்கும் என்மேப் கருவியை இயக்கினால், முன்னதை வடிகட்டப்பட்ட போர்ட் என்றே அது தெரிவிக்கும். ஃபயர்வாலின் இரு வலையட்டைகளிலும், கடந்து செல்லும் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, ஒரு பக்கம் நுழைந்த பொட்டலம் மறுபக்கம் வெளிப்படுகிறதா என்று பார்ப்பதைவிடச் சிறந்த ஆசிரியர் இத்துறையில் இல்லையென்றே நான் சொல்லுவேன். பிறருடைய வலைப்பின்னலை அவர்தம் அனுமதியின்றி இவ்வாறு சோதிப்பது குற்றமாகவும் முடியலாம். சொந்தக் கூடம் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டளையாக இட்ட விதிகள் கணினியின் நினைவகத்தில் மட்டுமே இருப்பவை. அவற்றைக் கோப்பில் எழுதி, கணினி தொடங்கும்போதே ஏற்றிக்கொள்ளும்படி செய்யாவிடில், மின்சாரம் ஒருமுறை நின்று வந்ததும் பட்டியல் வெறுமையாகிவிடும். ஆகையால் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் நடுக்கணினியை நிறுத்தி மறுபடி இயக்கி, வெளியிலிருந்து அதே என்மேப் சோதனையை மீண்டும் ஒருமுறை நடத்திப் பார்த்த பின்னரே அன்றைய வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.