எஞ்சினுக்கு ஏற்ற கியர்ப்பெட்டி எது?

"முதல் கியரில் வண்டிக்குத் திறன் அதிகம், நான்காம் கியரில் குறைவு" என்று வகுப்பில் ஒரு மாணவன் சொன்னான். மற்றவர்களும் ஆமாம் என்று தலையசைத்தார்கள். நீங்களும் அப்படித்தான் எண்ணியிருப்பீர்கள். ஆனால், கியர்ப்பெட்டி ஒரு துளி ஆற்றலைக்கூட உண்டாக்குவதில்லை. எஞ்சின் தரும் திறனில் சிறு பகுதி உராய்வில் கழிய, எஞ்சியது சக்கரத்துக்குப் போகிறது. எந்தக் கியரிலும் கதை இதுதான்.

அப்படியானால் எந்தக் கியர்ப்பெட்டியை மாட்டினாலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. இது நன்றாகத் தெரிந்தவர்கள் அமெரிக்காவில் பழைய கார்களில் தாமே எஞ்சின் மாற்றிக் கட்டும் ஆர்வலர்கள். தவறாகத் தேர்ந்தெடுத்தால் அவர்களுக்குப் பணமும் போகும், பற்களும் போகும் (பற்சக்கரத்தின் பற்களைச் சொல்கிறேன்).

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1967-இல் வெளிவந்த செவ்ரோலெட் 350 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சின் இத்தகையோருக்கு மிகவும் பிடித்தமானது. அதன் கொள்ளளவு 5.7 லிட்டர். நம் கணக்குக்கு அது 400 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தருவதாகவும், கார் 1,400 கிலோகிராம் என்றும், சக்கரத்தின் ஆரம் 33 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். இதற்குப் பொருந்தும் பெட்டிகள் இந்தியானா மாநிலத்து மன்சி நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1963 முதல் 1974 வரை செய்தவை. அவற்றுள் எம்-20, எம்-21 என்ற இரண்டும் நான்கு கியர் கொண்டவை.

எம்-20 பெட்டியின் விகிதங்கள் 2.52, 1.88, 1.46, 1.00. அதாவது, முதல் கியரில் எஞ்சின் 2.52 முறை சுற்றினால் வெளித்தண்டு ஒருமுறை சுற்றும். சுழற்சி குறைந்த அளவுக்குத் திருப்புவிசை பெருகும். எம்-21 பெட்டியில் இவை 2.20, 1.64, 1.28, 1.00.

2.52 பெரியது, ஆகவே எம்-20 சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பின் அச்சிலும் ஒரு பற்சக்கர இணை உண்டு. அதன் விகிதம் 3.73 எனில், முதல் கியரில் மொத்த விகிதம் 9.40. திருப்புவிசை 3,760 நியூட்டன் மீட்டர். இதை ஆரத்தால் வகுத்தால் டயர் சாலையைத் தள்ளும் விசை ஏறக்குறைய 11,400 நியூட்டன். பின் சக்கரங்கள் தாங்குவதோ காரின் எடையில் பாதி, அதாவது 6,860 நியூட்டன். சாதாரண டயரின் உராய்வுக் குணகம் உலர்ந்த சாலையில் 1-ஐ ஒட்டியே இருக்கும். புறப்படும்போது எடை சற்றுப் பின்னுக்குச் சாயும் என்றாலும் அது போதாது. முழு விசையையும் கொடுத்தால் டயர் புகைந்து வழுக்குமே தவிர கார் பாயாது. எம்-21 பெட்டியிலும் விசை 9,900-க்கு மேல்தான்! கனத்த எஞ்சினும் இலேசான காரும் சேர்ந்தால் பெரிய முதல் கியர் பாதி வீண். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் வழுக்கிச் சூடாகாமல் காப்பது மட்டுமே அதன் பயன்.

பின் எதைப் பார்ப்பது? கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளியை. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் மூன்றிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றினால், எம்-20 பெட்டியில் எஞ்சின் சுமார் 3,400 சுற்றுக்கு விழும். எம்-21 பெட்டியில் 3,900-இல் நிற்கும். இந்த 500 சுற்று ஏன் முக்கியம்? எஞ்சினைத் திருத்திக் கட்டுவோர் பெரும்பாலும் கேம் தண்டை மாற்றுவார்கள். வால்வுகள் கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி செய்தால், வேகச் சுழற்சியில் எஞ்சின் நன்றாக மூச்சு வாங்கும்; ஆனால் மெதுவான சுழற்சியில் சோர்ந்துவிடும். 3,800-க்கு மேல்தான் உயிர்பெறும் எஞ்சினை 3,400-க்குத் தள்ளினால் அது திணறும். அதற்கு நெருங்கிய விகிதம் வேண்டும். கேம் தண்டை மாற்றாத, அடக்கமான எஞ்சினுக்கு எம்-20 போதும். சாலையில் ஓட்டுவதற்கு நானும் அதையே எடுப்பேன்.

நெடுஞ்சாலைப் பயணம் மிகுதி என்றால் ஐந்தாம் கியர் நினைவுக்கு வரும். மணிக்கு 100 கிலோமீட்டரில் நம் காரின் எஞ்சின் நான்காம் கியரில் 3,000 சுற்று சுற்றுகிறது. 1980-களில் ஃபோர்டு மஸ்டாங் கார்களில் வந்த டி-5 பெட்டியின் ஐந்தாம் விகிதம் 0.68. அது இருந்தால் 2,040 சுற்று போதும். பெட்ரோலும் மிச்சம், காதுக்கும் ஓய்வு. ஆனால் அதன் முதலிரு விகிதங்கள் 3.35, 1.93. முதல் மாற்றத்திலேயே 5,000 சுற்று 2,900-க்குச் சரிந்துவிடும். அன்றியும், 1985-ஐ ஒட்டி வந்த டி-5 பெட்டிக்கு விதித்த எல்லை சுமார் 360 நியூட்டன் மீட்டர்தான். நம் எஞ்சின் தருவது 400. ஒருநாள் பல் உடையும்.

பல் என்றதும் இன்னொன்று. இப்பெட்டிகளில் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். சாய்ந்த பற்கள் சிறிது சிறிதாக ஒன்றையொன்று தொடுவதால் ஓசை குறைவு. ஆனால் சாய்வு கூடக் கூட, பற்சக்கரத்தைத் தண்டின் நீளவாக்கில் தள்ளும் விசையும் கூடும், தாங்கிகள் சூடேறும். ஆகவே மன்சி தொழிற்சாலை பந்தயத்துக்கென்று எம்-22 என்ற பெட்டியைச் செய்தபோது சாய்வைக் குறைத்தது. விகிதங்கள் எம்-21 போலவே. வலிமை கூடியது, ஓசையும் கூடியது. அந்த உறுமலைக் கேட்டவர்கள் அதற்குப் 'பாறை நொறுக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

பெட்டியின் உள்தண்டில் உள்ள காடிகள் கிளட்ச் தட்டின் காடிகளோடு பொருந்த வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. முந்தைய மன்சிப் பெட்டிகளில் 10 காடிகள், பிற்காலத்தவற்றில் 26.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. எம்-21 பெட்டியை வைத்துக்கொண்டு பின் அச்சு விகிதத்தை 4.10 ஆக்குங்கள். முதல் கியரின் மொத்த விகிதம் எம்-20 தந்த 9.40-க்கு எவ்வளவு அருகில் வருகிறது? 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றும்?